ரசீதுக் கம்பியும் ஐந்தாவது வாரிசும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ரசீதுக் கம்பி தொங்கும். அடியில் வட்டமான மரக்கட்டை, மேலே வளைந்த கொக்கி. வீட்டு வரி கட்டிவிட்டு வந்தால் அப்பா ரசீதை அந்தக் கம்பியில் குத்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். 1983இல் வீட்டை வாங்கியதிலிருந்து 2019இல் இறக்கும்வரை ஒரு தவணைகூட அவர் தவறவிட்டதில்லை. கம்பியின் அடியில் கிடப்பவை பழுப்பேறிய ஊராட்சி ரசீதுகள். எங்கள் பகுதியை நகராட்சியோடு சேர்த்த பிறகு வந்தவை மேலே. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கம்பியைத் தூசி தட்டியிருக்கிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை.

2023இல் தம்பி வீட்டை இடித்துக் கட்டலாம் என்று வங்கிக் கடனுக்குப் போனான். வங்கிக்காகப் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞர், கம்பியிலிருந்து உருவிக் கொண்டுபோன கடைசி ரசீதைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பெயர் யாருடையது?"

எங்கள் அப்பாவுடையது இல்லை. அப்பாவுக்கு வீட்டை விற்றவருடையது. அவர் இறந்தே இருபது வருடம் இருக்கும். அவருடைய பெயரில் அப்பா முப்பத்தாறு ஆண்டுகள் வரி கட்டியிருக்கிறார். அப்பா போன பிறகு நாங்களும் நான்கு ஆண்டுகள் கட்டியிருக்கிறோம்.

அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் சற்றும் கலங்கவில்லை. "வரி கட்டுவது நாம். வீடு நம்முடையதுதானே?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு என்பதைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அப்பா பெயரில் வீடு இருக்கிற யாருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

வழக்கறிஞர் ஒரு பட்டியலை நீட்டினாரே தவிர, விளக்கம் சொல்ல அவருக்கு நேரமில்லை. விளக்கியவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கும் வயதான பத்திர எழுத்தர். "மூன்று ஆபீஸ்மா. ஒன்றில் நடப்பது மற்றதுக்குத் தெரியாது. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினார்.

பத்திரம் பதிவுத் துறையின் கையில் இருக்கிறது. யார் யாருக்கு எப்போது எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அதுதான் ஆவணம். பட்டா வருவாய்த் துறையுடையது. எந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் யார் பெயரில் அரசுக் கணக்கில் நிற்கிறது என்று காட்டும். வீட்டு வரி நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சியுடையது. அந்தக் கட்டடத்துக்கு வரி வசூலிக்க ஒரு பெயர் அவர்களுக்கு வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயர் உரிமையாளருடையதுதானா என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் மட்டும் ஒருவருக்குச் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வரி ரசீதுக்கும் அதே கதைதான். அதற்காக அந்த ரசீதுகள் வெறும் காகிதமும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக வீடு எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு அப்பாவின் கம்பியைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்பா செய்த தவறு அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். பத்திரத்தைப் பதிவு செய்தார், பெட்டியில் வைத்துப் பூட்டினார், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். பட்டா மாறுதலுக்கும் வரிப் பெயர் மாற்றத்துக்கும் தனித்தனியாக மனுக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது உட்பிரிவு தேவைப்படாத சொத்தாக இருந்து, பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருந்தால், பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறுகிற ஏற்பாடு வந்திருக்கிறது. 1983இல் அதெல்லாம் ஏது.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். இந்தக் கதையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் இதுதான்.

பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் 1975 முதலான வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். தம்பி பட்டாவில் இருந்த எண்ணைத் தட்டினான்: 87/2பி. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது, பதிவு எதுவும் இல்லை என்று. அவனுக்கு ஏக மகிழ்ச்சி. அச்செடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் ஓடினோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"உங்கள் அப்பா வீடு வாங்கினாரா இல்லையா?"

"வாங்கினார் ஐயா. பத்திரம் இருக்கிறதே."

"அந்தக் கிரயமே இதில் வரவில்லையே. அப்புறம் இது எப்படி உங்கள் சொத்தின் வில்லங்கம் ஆகும்?"

எவ்வளவு எளிய சோதனை. தேடுகிற காலத்துக்குள் நடந்த உங்கள் சொந்தக் கிரயம் வில்லங்கச் சான்றில் தெரியவில்லை என்றால், நீங்கள் தேடியது தவறான எண். வில்லங்கம் இல்லை என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். வங்கி கேட்டது 30 ஆண்டு வில்லங்கம் மட்டுமே. தம்பியும் அதை மட்டும் எடுத்திருந்தால், 1983 கிரயம் அந்தக் காலத்துக்கு வெளியே போயிருக்கும், பிழையும் கண்ணில் பட்டிருக்காது.

எண் ஏன் மாறியது? யுடிஆர் என்று எல்லோரும் சொல்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்தது. நிலப் பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். அதில் பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. அப்பாவின் பத்திரம் அந்த ஆண்டுகளின் நடுவில் எழுதியது, அதில் இருப்பது பழைய எண்: 87/2இல் மேல்புறம் ஆறேகால் சென்ட். பட்டாவில் புதிய எண். பெயர்களும் அப்போதுதான் தாறுமாறாக ஏறின என்பது கிராமங்களில் இன்றும் கேட்கிற புலம்பல். உங்கள் பத்திரம் 1987க்கு முந்தையது என்றால் இரண்டு எண்களையும் போட்டுத் தேடுங்கள். நகர நில அளவை நடந்த பகுதி என்றால் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கும்.

87/2 என்று போட்டதும் பட்டியல் நீண்டது. பக்கத்து மனைகளின் பதிவுகளும் கலந்து வந்தன. எழுதிக்கொடுத்தவர், எழுதிப் பெற்றவர், நான்கெல்லை என்று ஒவ்வொன்றாகப் பத்திரத்தோடு ஒப்பிட்டோம். அப்பாவின் கிரயம் இருந்தது. அதற்குக் கீழே, நாங்கள் யாரும் கேள்விப்படாத ஒன்றும் இருந்தது: 1991இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பா எழுதிக்கொடுத்த அடமானம்.

அம்மாவுக்கு நினைவிருந்தது. "தங்கைக்குக் காது குத்திய வருடம் வாங்கினார். எப்போதோ அடைத்தாகிவிட்டது." அடைத்தது உண்மைதான், கடைசித் தவணை ரசீதும் பெட்டியில் கிடைத்தது. ஆனால் அடமானம் தீர்ந்தது என்று சங்கத்திடம் எழுதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டிய ரசீது ஆவணம் பதிவாகவே இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை முப்பத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் வீடு அடமானத்தில்தான் இருந்திருக்கிறது. சங்கத்தில் பழைய பேரேட்டைத் தேடி எடுக்கவே நான்கு முறை போக வேண்டியிருந்தது. கடைசித் தவணைக் காகிதம் கையில் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கக்கூட விரும்பவில்லை. கடன் அடைத்த சீட்டைப் பெட்டியில் வைப்பது வேறு, அடமானத்தைப் பதிவேட்டிலிருந்து இறக்குவது வேறு. வங்கியில் வீட்டுக் கடன் முடித்தவர்கள் அசல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்ததோடு நிற்காமல் இதையும் பார்த்துவிடுங்கள்.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொல்லாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் தொடுத்திருக்கும் வழக்கும் பொதுவாக அதில் தெரியாது.

பட்டாவை எடுத்துப் படித்தபோது தங்கை பதறிவிட்டாள். "அக்கா, பத்திரத்தில் ஆறேகால் என்று இருக்கிறது, இதில் 0 - 2.50 என்று போட்டிருக்கிறது. பாதிக்கு மேல் காணோம்!" காணாமல் போகவில்லை. பத்திரம் சென்ட்டில் பேசுகிறது, பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசுகிறது. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். ஆகவே இரண்டரை ஏர் 6.18 சென்ட். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்று போட்டால் பத்திரப்படி 2,722 சதுர அடி, பட்டாப்படி 2,691. வித்தியாசம் முப்பத்தோரு சதுர அடி, ஒரு கட்டில் போடும் இடம். நில அளவர் வந்து அளந்தபோது கல்லும் சுவரும் சரியாகவே இருந்தன. நாங்கள் அதைக் கிளறவில்லை.

பெட்டியில் பழைய கிஸ்தி (நில வரி) ரசீதுகளும் இருந்தன, விற்றவர் கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றில் ஆண்டு 1389 என்று இருந்தது. இதென்ன சோழர் காலத்து வரியா என்றான் தம்பி. அது பசலி ஆண்டு, நில வரிக் கணக்குக்கான ஆண்டு. ஜூலை முதல் தேதி தொடங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். 1389 என்றால் 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை.

இதெல்லாம் காகிதத்தோடு போன சண்டை. மனிதர்கள் பக்கம் வந்தது வழக்கறிஞரின் ஒரே ஒரு கேள்வியால்.

அப்பா இறந்ததும் தம்பி அவசரமாக வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தான். அதில் நான்கு பேர்: அம்மா, நான், தம்பி, தங்கை. வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பாவின் அம்மா இருக்கிறாரா?" என்றார்.

"பாட்டி போன வருடம் காலமாகிவிட்டார் சார்" என்றான் தம்பி, அந்தத் தொல்லை இல்லை என்கிற குரலில்.

"இன்றைக்குக் கேட்கவில்லை. உங்கள் அப்பா இறந்த அன்று இருந்தாரா?"

இருந்தார். அத்தை வீட்டில், தொண்ணூறு வயதில், மகன் போன செய்தியை இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குச் சொன்னோம். அவரை ஒரு வாரிசாக யாருக்கும் தோன்றவே இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஓர் ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு, சமபங்கு. ஆகவே ஐந்து பங்கு. 2022இல் பாட்டி இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒன்று அவருடைய வாரிசுகளுக்குப் போனது: பாதி அத்தைக்கு, மீதிப் பாதி மறைந்த மகனின் பிள்ளைகளான எங்கள் மூவருக்கு. மருமகளான அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டை முப்பது பங்காகப் போட்டால் எங்கள் மூவருக்கும் ஏழு ஏழு, அம்மாவுக்கு ஆறு, அத்தைக்கு மூன்று.

"நாற்பது வருடம் இந்த வீட்டைப் பெருக்கியவள் நான். எனக்கு உங்களைவிட ஒரு பங்கு குறைவா?" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது மறுபடியும் சொன்னாள். எல்லோரும் விட்டுக்கொடுத்து வீட்டை அம்மா பெயருக்கே மாற்றுவது என்று அப்போதுதான் முடிவானது. (முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு. எங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அத்தையிடம் நான்தான் போனேன். கையெழுத்துக் கேட்டுப் போவதற்கு முன்னால் கணக்கைக் காட்டிவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். "அத்தை, உங்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது" என்றதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு எதுவும் வேண்டாம். ஆனால் எழுதியதைக் கொண்டு வா, படித்துவிட்டுத்தான் போடுவேன்" என்றார். அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு அவர். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தின் நகலை ஒரு மணி நேரம் விரலை ஓட்டிப் படித்தார். தன் பெயருக்கு முன்னால் கணவருடைய தலைப்பெழுத்து இருப்பதையும், ஆதாரில் இருப்பது தன் அப்பாவுடைய தலைப்பெழுத்து என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். படித்த நாங்கள் மூவரும், பத்திர எழுத்தரும்கூட அதைத் தவறவிட்டிருந்தோம். அப்படியே பதிந்திருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று மறுபடியும் எல்லோரும் வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட் ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் மேல்வரம்பு உண்டு. 2023 ஜூலையில் தீர்வையின் வரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000க்கும், கட்டணத்தின் வரம்பை 4,000இலிருந்து 10,000க்கும் உயர்த்தினார்கள். ஆனால் யார் யார் 'குடும்பம்' என்பதற்குச் சட்டத்தில் தனி வரையறை இருக்கிறது. அத்தை, சித்தப்பா என்று வரும்போது முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பணத்தை ஏற்பாடு செய்யுங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒரு நாளை வீணாக்கினோம்.

பத்திரம் பதிந்து, பட்டாவும் மாறிய பிறகுதான் வரிக்குப் போனோம். அங்கே இன்னொரு கூத்து. பெயர் மாற்ற மனுவோடு வரிவிதிப்பு விவரத்தையும் கேட்டு வாங்கினேன். முன்னறைக்கு வணிகப் பயன்பாடு என்று போட்டிருந்தது. அங்கே தையல் கடை இருந்தது உண்மை. அதை 2009இல் மூடிவிட்டார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரியைத் திருத்தியபோது, சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். வணிகக் கட்டடங்களுக்கு நேராக 100. மூடிய கடைக்கு வரி இரண்டு மடங்கானதை நாங்கள் கவனிக்காமலே கட்டியிருக்கிறோம்.

நியாயம் கேட்கும் உற்சாகத்தில் மாற்றித் தரச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். அளக்க வந்தவர் டேப்போடு முன்னறையை அளந்தார், கூடத்தை அளந்தார், பிறகு மாடிப்படியைப் பார்த்தார்.

"மேலே என்ன இருக்கிறது?"

2006இல் அப்பா கட்டிய ஓர் அறை, 240 சதுர அடி. வரிக் கணக்கில் ஏறவே இல்லை. கீழே 1,050. இரண்டையும் சேர்த்து 1,290 ஆனதால் அடுத்த படிக்குள் போய்விட்டோம். மாடிக்கு விட்டுப்போன அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். கடையால் குறைந்ததும் மாடியால் கூடியதும் கழித்துப் பார்த்ததில் அரையாண்டுக்குச் சுமார் நூறு ரூபாய் அதிகம். தம்பி என்னை இன்றும் கேலி செய்கிறான். செய்யட்டும். விற்கும்போதோ கடனுக்குப் போகும்போதோ அளவு இடிப்பதைவிட இது மலிவு.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவின் வழக்கத்தை அப்படியே வைத்திருக்கிறோம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கும். முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை, ஊக்கத்தொகை தருகிறார்கள். அதன் பிறகு மாதம் 1 சதவீதம் அபராத வட்டி. அப்பா ஊக்கத்தொகை எதுவும் இல்லாத காலத்திலேயே முதல் வாரத்தில் கட்டியவர்.

இப்போது இணையத்தில் கட்டுகிறோம். அம்மா விடுவதாயில்லை, அச்செடுத்து வரச் சொல்லிக் கம்பியில் குத்துகிறாள், தன் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு. மின் இணைப்பு மட்டும் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறாள். போன வருடமும் அதையேதான் சொன்னாள்.